கார்பன்டாசிம் மூன்று முறை அடித்தும் ஏன் கேட்கவில்லை?

கேட்கப்பட்டது இது. வீட்டுக்குப் பின்னால் எட்டு வயது மாமரம் ஒன்று, எலுமிச்சை ஒன்று, கொய்யா ஒன்று. மாம்பூவில் வெள்ளைப் பொடி படர்ந்து பூ கருகி உதிர்கிறது. மாவிலை மேல் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பு. எலுமிச்சைக்குத் தண்டைச் சுற்றிக் கிண்ணம்போல் பாத்தி கட்டி, தினமும் தண்ணீர் நிரப்புகிறோம்; அதன் தூரில் பிசின் வடிகிறது. அதன் இலையிலும் காயிலும் சொரசொரப்பான புள்ளிகள். கொய்யா இலையில் துருப்பிடித்ததுபோல் வட்டம் வட்டமாக. எல்லாம் பூஞ்சைதான் என்று சொல்லி மருந்துக்கடையில் கொடுத்த கார்பன்டாசிமைப் பத்து நாளுக்கு ஒரு முறை வீதம் மூன்று தடவை அடித்தாயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து எந்த மருந்து வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு நோய் இல்லை, ஐந்து. அந்த ஐந்தில் பூஞ்சாணம் நேரடியாக மரத்தைத் தாக்குவது ஒன்றில்தான். மற்ற நான்கையும் கார்பன்டாசிம் தீர்க்காது. மருந்து போலியோ, அளவு குறைவோ என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆளை மாற்றி அடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பல ஆண்டுகளாகப் பழமரங்களோடு இருக்கிற எனக்கு, வீட்டுத் தோட்டங்களில் அதிகம் பார்த்து வருத்தப்படுகிற விஷயமே இதுதான்.

கொய்யாவை முதலில் முடித்துவிடலாம், அது எளிது. அந்தத் துரு நிற வட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணிபோல் மெத்தென்று சற்று மேடாக இருந்தால் அது செபலியூரோஸ் என்கிற பாசி. ஆமாம், குளத்தில் வளர்கிற பாசி வகைதான். இலையில் ஒட்டி வாழக் கற்றுக்கொண்ட இனம். நிழலும் ஈரமும் அதிகமாக இருந்து, மரம் சத்துக்குறைவாகவும் இருந்தால் வரும். நெருக்கமான கிளைகளைக் கழித்து வெயில் படவிட்டு, நன்றாக மக்கிய எரு போட்டாலே பாதி குறையும். மிச்சத்துக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. தாமிரம் பாசியைக் கொல்லும்.

எலுமிச்சை இலைப் புள்ளி பாக்டீரியாவால் வருவது. சான்தோமோனாஸ் என்று பெயர். நம் பக்கத்தில் சொறி நோய் என்பார்கள். அடையாளம் சுலபம்: இலையின் இரண்டு பக்கமும் தக்கைபோல மேடாக இருக்கும், சுற்றி மஞ்சள் வளையம் தெரியும், காயைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி உரசும். அந்த மரத்தின் இளந்துளிர்களைக் கூர்ந்து பார்த்தால் இலைக்குள் வெள்ளிக்கோடுபோல் வளைந்து வளைந்து போன தடங்களும் இருக்கும். அது சுரங்கப்பூச்சி. அது கிழித்த காயத்தின் வழியாகத்தான் பாக்டீரியா எளிதாக நுழைகிறது. மழை இல்லாத நாளாகப் பார்த்துச் சொறி பிடித்த குச்சிகளை வெட்டி எரித்துவிடுங்கள். புதுத் துளிர் வரும்போதெல்லாம் தாமிர மருந்து ஒரு முறை, சுரங்கப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் ஒரு முறை, தனித்தனியாக. ஆன்டிபயாட்டிக் கலந்து அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் ஒரே ஒரு எலுமிச்சை மரத்துக்காக அதைச் செய்வதை நான் ஏற்பதில்லை.

மாவிலையில் உள்ள கறுப்பு வேறு கதை. ஓர் இலையைப் பறித்து ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். கறுப்பு துணியோடு வந்து, அடியில் இலை பச்சையாகவே இருந்தால் அது கரும்பூசணம். பூசணம்தான், ஆனால் அது மரத்தைத் தின்பதில்லை. தத்துப்பூச்சியும் மாவுப்பூச்சியும் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கிற தேன் போன்ற பிசுபிசுப்பைத்தான் தின்கிறது. இலைமேல் திரை போட்டதுபோல வெயிலை மறைப்பதுதான் அது செய்யும் கெடுதல். ஆகவே பூசணத்துக்கு மருந்து தேடாமல் பூச்சியைத் தேடுங்கள். பூக்கும் காலத்தில் மரத்தடிக்குப் போனால் சின்னச் சின்னதாக, ஆப்பு வடிவில் பூச்சிகள் சடசடவென்று முகத்தில் வந்து மோதினால் அவை தத்துப்பூச்சிகள். தண்டில் எறும்பு வரிசை வரிசையாக ஏறினால் மாவுப்பூச்சியையும் சந்தேகப்படலாம். மாவுப்பூச்சிக் குஞ்சுகள் மார்கழி, தை மாதங்களில் மண்ணிலிருந்து தண்டு வழியாக ஏறும். இடுப்புயரத்தில் 25 சென்டிமீட்டர் அகல பாலித்தீன் தாளை இறுக்கிச் சுற்றி, மேலே கிரீஸ் தடவி வைத்தால் அவை வழுக்கி நின்றுவிடும்.

இலைமேல் ஏற்கனவே படிந்துவிட்ட கறுப்பை உரிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். ஆறியபின் தண்ணீர் சேர்த்து இருபது லிட்டராக்கி, துணியில் வடிகட்டி, நல்ல வெயில் நாளில் காலையில் தெளியுங்கள். மதியத்துக்குள் கஞ்சி காய்ந்து சருகுபோல் உரிந்து விழும். கறுப்பும் அதோடு சேர்ந்து வந்துவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைதான் இது. மேகமூட்டமான நாளில் செய்தால் கஞ்சி உரியாது, அதன் மேலேயே இன்னொரு பூசணம் பிடிக்கும். வெயில் முக்கியம்.

இனி மாம்பூ. ஐந்தில் உண்மையான பூஞ்சாண நோய் இதுதான், சாம்பல் நோய். இதற்குக் கார்பன்டாசிம் வேலை செய்யக்கூடியதே. பிறகு ஏன் கேட்கவில்லை? நேரம் தப்பிப்போனதுதான் காரணம். பூவில் வெள்ளைப் பொடி கண்ணுக்குத் தெரிகிற நாளில் நோய்க்கு வயது ஒரு வாரமாவது ஆகியிருக்கும். அந்தப் பூ கருகித்தான் தீரும். எந்த மருந்தும் கருகிய பூவைத் திருப்பித் தராது. பக்கத்திலுள்ள நல்ல பூவுக்கு வேலி போடத்தான் மருந்து. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாம்பல் நோய்க்கு ஒரு விசித்திரமான குணம். பெரும்பாலான பூஞ்சாணங்களுக்கு இலைமேல் சொட்டு நீர் நின்றால்தான் வித்து முளைக்கும். இதற்குத் தேவையில்லை. குளிர்ந்த இரவும் பனி மூட்டமான காலையும் காய்ந்த பகலும் போதும், காற்றிலேயே பரவும். கனமழை பெய்தால் இதன் வித்துகள் கழுவிக்கொண்டு போய்விடும். மார்கழி, தை மாதப் பருவநிலை அதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். நம் மாமரங்கள் பூப்பதும் அப்போதுதான்.

ஆகவே நாள்காட்டியைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். பூங்கொத்து மூன்று நான்கு அங்குலம் நீண்டு, மொட்டு இன்னும் விரியாத நிலையில் முதல் தெளிப்பு. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். சுமார் பதினைந்து நாள் கழித்து இன்னொன்று, பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் மூன்றாவது. பூ முழுதாக விரிந்திருக்கும் நாட்களில் தெளிப்பானைத் தொடாமல் இருப்பதே நல்லது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் ஈக்கள். அவற்றை விரட்டிவிட்டு எந்தப் பிஞ்சை எதிர்பார்ப்பது? தவிர்க்கவே முடியாவிட்டால் அந்தி சாய்ந்தபின் அடியுங்கள்.

கந்தகத்தில் இரண்டு எச்சரிக்கை. வெயில் 32, 33 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இளம்பிஞ்சும் துளிரும் வெந்துபோகும். பங்குனிக்குப் பிறகு கந்தகத்தை மறந்துவிடுங்கள். அடுத்தது, வேப்பெண்ணெயும் கந்தகமும் ஒன்றுக்கொன்று ஆகாது. ஒன்றை அடித்தால் மற்றதற்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் இடைவெளி வேண்டும். தத்துப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சாம்பலுக்குக் கந்தகமும் ஒரே வாரத்தில் அடித்துவிட்டு, நோய்தான் இலையைக் கருக்கிவிட்டது என்று நம்பி மறுபடியும் மருந்து அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மார்கழி தொடக்கத்திலேயே, பூ வருமுன், வேப்பெண்ணெயை முடித்துவிடுங்கள்: லிட்டருக்கு 5 மில்லி, கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு.

புளித்த மோர் அடிக்கலாமா என்று எப்போதும் கேட்பார்கள். சாம்பல் நோய்க்கு மட்டும், நோய் ஆரம்பிக்கும் கட்டத்தில் மட்டும், ஓரளவு கேட்கும். 1999ஆம் ஆண்டு பிரேசிலில் சுக்கினிக் கொடியில் பாலைத் தண்ணீரில் கலந்து அடித்துப் பார்த்து, சாம்பல் நோய் குறைந்ததாக ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. ஆக இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. ஆனால் எட்டடி மரம் வரைதான் நடக்கும்; முப்பதடி மரத்துக்கு மோர் அடிப்பது வீண். மற்ற நோய்களுக்கு மோர் உதவி செய்து நான் பார்த்ததில்லை.

கார்பன்டாசிமை இனி எப்போதாவது தொடுவதானால், ஒரு பருவத்தில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அது பூஞ்சாணத்தின் உடலில் ஒரே ஓர் இடத்தைத் தாக்கும் மருந்து. திரும்பத் திரும்ப அடித்தால், அதற்குத் தப்பிப் பிழைத்தவை மட்டும் பெருகி, அடுத்த ஆண்டு நிஜமாகவே கேட்காமல் போகும். கந்தகத்துக்கும் தாமிரத்துக்கும் அந்தப் பயம் குறைவு, அவை பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குபவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் எப்படியும் கேட்பீர்கள். மரத்தில் பழுதில்லாமல் பறித்த மாங்காய், பழுக்க வைத்ததும் கறுப்புப் புள்ளி விழுந்து மூன்றே நாளில் அழுகும். வைக்கோல் சரியில்லை, வைத்த இடம் சரியில்லை என்பார்கள். உண்மையில் அந்தப் பூஞ்சாணம் பிஞ்சிலேயே உள்ளே போய், காய் பச்சையாக இருக்கும் வரை தோலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. பழம் இனிக்கத் தொடங்கியதும் விழித்துக்கொள்கிறது. ஆந்த்ராக்னோஸ் என்கிற நோய் இது. சாம்பல் நோய்க்கு நேர் எதிரான குணம் இதற்கு: மழையும் இலையில் நிற்கும் ஈரமும்தான் இதன் உயிர். மழைத்துளி தெறிக்கும்போது மேல் கிளையிலிருந்து கீழ் இலைக்குத் தாவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் செம்புத் துளிர்களில் சிறு கரும்புள்ளிகளாகத் தொடங்கி, இலை நுனியைக் கருக்கி, காய்ந்த குச்சிகளில் தங்கி, பூவுக்கும் பிஞ்சுக்கும் காத்திருக்கும். தை மாதத்தில் திடீர் மழை வந்தால் பூ ஒரேயடியாகக் கறுத்துப்போவது இதனால்தான். பூவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் சாம்பல், பொடியே இல்லாமல் கறுத்தால் ஆந்த்ராக்னோஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மருந்தைவிட அரிவாளும் ரம்பமும்தான் பெரிய வைத்தியர்கள். அறுவடை முடிந்ததும், ஆடி, ஆவணியில், காய்ந்த குச்சி ஒன்றுகூட விடாமல் எடுத்துவிடுங்கள். நடுவில் அடைத்து நிற்கும் கிளைகளில் இரண்டோ மூன்றோ கழியுங்கள். மதியம் மரத்தடியில் படுத்து மேலே பார்த்தால் வானம் அங்கங்கே துண்டு துண்டாகத் தெரிய வேண்டும். தரையில் வெயில் காசு காசாக விழ வேண்டும். அப்படி இருக்கும் மரத்தில் மழை விட்ட இரண்டு மணி நேரத்தில் இலை உலர்ந்துவிடும். அடர்ந்த மரத்தில் மறுநாள் காலை வரை சொட்டிக்கொண்டிருக்கும். நோய் வருவதும் வராததும் அந்த உலரும் நேரத்தில்தான் இருக்கிறது. கழித்த குச்சிகளை மரத்தடியிலேயே குவித்துவிடாதீர்கள்.

மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசியில், போர்டோ கலவை ஒரு முறை அடித்தால் துளிர்களுக்குக் காவலாக இருக்கும். பிரான்ஸில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட் என்கிற தாமிர உப்பு) சுண்ணாம்பும் தெளித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதை 1882ல் மில்லர்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885ல் கலவையை அறிவித்தார். இன்றுவரை வீட்டுத் தோட்டத்துக்கு இதைவிட மலிவான, நம்பகமான மருந்து எனக்குத் தெரியவில்லை. ஆனால் கலக்கும் விதத்தில்தான் எல்லாரும் தவறுகிறார்கள்.

பத்து லிட்டருக்குக் கணக்கு: மயில்துத்தம் 100 கிராம், புதிதாகச் சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். துத்தத்தைப் பொடித்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஐந்து லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரங்களைத் துத்தம் அரித்துவிடும், வேண்டாம். இன்னொரு வாளியில் சுண்ணாம்பை நீர்த்து, ஐந்து லிட்டராக்கி, வடிகட்டுங்கள். இரண்டும் ஆறியபின், துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் கட்டிதட்டிப் படிந்துவிடும். வானநீலத்தில் பால்போல வரும். இப்போது பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலையைக் கருக்கும். இன்னும் சுண்ணாம்பு நீர் சேர்த்து மறுபடி பாருங்கள். கத்தி வெள்ளையாகவே வந்தால் தயார். அன்றே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளுக்கு ஆகாது. பூக்கும் காலத்தில் அடிக்காதீர்கள். தாமிரம் மண்ணில் தங்கிக்கொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது. ஆகவே மாமரத்துக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்துங்கள்.

ரசாயனமே வேண்டாம் என்றால் சூடோமோனாஸ் இருக்கிறது. ஐப்பசியிலிருந்தே மூன்று வாரத்துக்கு ஒரு முறை அந்தி நேரத்தில் தெளித்து வந்தால் ஆந்த்ராக்னோஸ் குறையும். இது உயிருள்ள பாக்டீரியா என்பதால் தாமிரத்தோடு கலந்தால் செத்துப்போகும். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிர் இருக்காது.

பறித்த காய்க்கும் ஒரு வழி உண்டு. பறித்த அன்றே, 52 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் மூழ்க வைத்து, எடுத்து, நிழலில் உலர்த்திப் பிறகு பழுக்க வையுங்கள். தோலடியில் தூங்கும் பூஞ்சாணத்தில் பெரும்பகுதி அந்தச் சூட்டிலேயே மடியும். வெப்பமானி இல்லாமல் கைக்கணக்கில் செய்யாதீர்கள். நாலைந்து டிகிரி கூடினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் பயனில்லை.

பக்கத்து வீட்டில் பலா இருந்தால் ஒரு வார்த்தை. சின்னப் பிஞ்சுகள் கறுத்து, பூசணம் பூத்து விழுவதைப் பார்த்துப் பதறுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். மகரந்தம் உதிர்த்த பிறகு இயல்பாகக் கறுத்து விழுபவை. காம்பு மெல்லியதாக இருந்தால் ஆண், தடித்திருந்தால் பெண். மருந்து தேவையில்லை, விழுந்ததைப் பொறுக்கி எடுத்தால் போதும்.

தெளிக்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள், காற்றுக்கு எதிராக நிற்காதீர்கள், கிணற்றையும் தொட்டியையும் மூடி வையுங்கள். டப்பாவில் முக்கோண நிறக்குறி இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டுத் தோட்டத்துக்குள் வரவே கூடாது என்பது என் முடிவு. அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் டப்பாவிலேயே இருக்கும், படியுங்கள்.

கடைசியாக எலுமிச்சைத் தூர்ப் பிசின். ஐந்தில் அவசரமானது இதுதான். மற்றவை விளைச்சலைக் குறைக்கும், இது மரத்தையே கொண்டுபோகும். பைட்டோப்தோரா என்கிற உயிரி. 1876ல் டி பாரி என்ற ஜெர்மன் அறிஞர் வைத்த பெயர், 'செடியை அழிப்பது' என்று பொருள். 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இதன் இனத்தான்தான். பார்க்கப் பூஞ்சாணம்போல இருந்தாலும் பூஞ்சாணம் இல்லை, கடற்பாசிகளுக்கு உறவு. அதனால்தான் கார்பன்டாசிம் இதை அசைக்காது. இதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். நீங்கள் தண்டைச் சுற்றிக் கிண்ணம்போல் பாத்தி கட்டி, தினமும் தண்ணீர் நிரப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாத்திதான் அவை நீந்தி வரும் குளம்.

இன்றைக்கே தூரைச் சுற்றியுள்ள மண்ணை விலக்கி, அந்த மண்ணைத் தண்டைத் தொடாமல் தள்ளி ஒரு சாண் அகலத்துக்கு மேடாக அணைத்து, பாத்தியை அதற்கு வெளிப்புறமாக வளையம்போல் மாற்றுங்கள். தண்ணீர் தண்டைத் தொடவே கூடாது. மேல்மண் காய்ந்தபின் விட்டால் போதும். மூடாக்கு போட்டிருந்தால் அதையும் தண்டிலிருந்து தள்ளி வையுங்கள். பிசின் வடியும் இடத்தில் பட்டையைக் கூரான கத்தியால் சுரண்டுங்கள். பழுப்பாக அழுகிய பகுதி முழுதும் போய், ஓரத்தில் வெள்ளையும் பச்சையுமாக நல்ல பட்டை தெரியும் வரை எடுக்க வேண்டும். சுரண்டியதைக் கீழே போடாமல் எரித்துவிடுங்கள், கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். காயத்துக்குப் போர்டோ பசை: துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், இரண்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் ஒரே லிட்டர். தண்டில் இரண்டடி உயரம் வரை தூரிகையால் பூசி, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஆண்டுக்கு இரு முறை தொடருங்கள்.

சுரண்டும்போது அழுகல் தண்டைப் பாதிக்கு மேல் சுற்றிவந்துவிட்டது தெரிந்தால் மரம் பிழைப்பது அரிது. அப்போது வேரோடு எடுத்துவிட்டு, புதுக்கன்றை அதே குழியில் வைக்காமல் தண்ணீர் தேங்காத வேறு இடத்தில், மேட்டுப்பாத்தியில் வையுங்கள். ஒட்டுக் கன்றாக இருந்தால் ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும்.